2000 மீற்றரும் வன்னிப் பிள்ளைகளும்

(கிளிநொச்சியில் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள், பெற்றோர், மாணவியர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த ஆசிரியர்களே, பெற்றோரே, பின்வரிசையில் நெருக்கியடித்து இருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

துடுப்புப் படகோட்டம் என்றதும் கொழும்பு ஆக்களின் விளையாட்டு என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. கொழும்பு ரோவிங் கழகம் பேர வாவிக் கரையில் 1864 இல் தொடங்கியது. சென்னை அடையாற்றுக் கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867 இல் வந்தது. இரண்டு கழகங்களும் 1898 தொடக்கம் மோதி வருகின்றன; பெண்களுக்கு அதில் தீபம் கிண்ணம் என்று தனிப் போட்டியே உண்டு. ஆனால் தண்ணீர் என்று பார்த்தால் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், கட்டுக்கரை எல்லாம் நம்முடைய பக்கம். தண்ணீரால் நமக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு பெண்பிள்ளை இந்த விளையாட்டில் பதினைந்து வருடம் நின்று பிடிக்கலாம். அவளை இரண்டாம் வருடமே வீட்டுக்கு அனுப்பிவிடுவது பொருந்தாத படகும் பற்றாத சாப்பாடும். இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1976 மொன்றியலில். அதுவும் அரைத்தூரம், 1000 மீற்றர். முழு 2000 மீற்றரை ஒலிம்பிக்கில் பெண்கள் வலித்தது 1988 சோலில்தான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சரிசமமாக ஏழேழு போட்டிகள் என்ற நிலை டோக்கியோவில்தான் வந்தது. இவ்வளவு தாமதமாகத் திறந்த கதவால் உள்ளே போன பெண்கள் எத்தனை வருடம் நின்றார்கள் என்று பாருங்கள். ருமேனியாவின் எலிசபெத்தா லீப்பா 1984 இல் முதல் தங்கம் வென்றார், ஐந்தாவதை 2004 இல் வென்றார். பிரித்தானியாவின் ஹெலன் குளோவர் துடுப்பைத் தொட்டதே 2008 இல். 2012 இலும் 2016 இலும் தங்கம், பிறகு மூன்று பிள்ளைகள், 2024 பாரிஸில் நால்வர் படகில் வெள்ளி. நியூசிலாந்தின் எம்மா ட்விக் இரண்டு ஒலிம்பிக்கில் நாலாம் இடத்தோடு திரும்பி, விளையாட்டை விட்டு, மறுபடி வந்து டோக்கியோவில் தங்கம் எடுத்தார். நம்முடைய பக்கத்தில் ஒடிசாவின் பிரதிமா புஹானாவும் பிரமிளா பிரபா மின்ஸும் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இருவர் படகில் வெண்கலம் வென்றார்கள்.

ஆகவே சாதாரண தரம் முடிந்த பிள்ளைக்கு இது பிந்திப்போன விளையாட்டு என்று யாரும் சொல்ல வேண்டாம். வலைப்பந்திலும் கரப்பந்திலும் நிற்கிற உயரமான பிள்ளைகள் இதற்கு ஏற்கெனவே பாதி தயார்.

படகு வரும் முன் ஒரு ஏர்கோமீற்றர், அதாவது தரையில் இருந்தே வலித்துப் பழகும் இயந்திரம், போதும். அந்த இயந்திரத்தில் எல்லோரும் செய்கிற முதல் பிழை, பக்கத்திலுள்ள நெம்பை 10 இல் வைத்து இழுப்பது. அது பலத்தைக் காட்டாது. ஒவ்வொரு வலியையும், அதாவது ஒவ்வொரு இழுப்பையும், பாரமாக்கி நாரியையும் விலா எலும்பையும் வருத்தும். பெண்பிள்ளைகளுக்கு 3 அல்லது 4 போதும். திரையில் இழுவைக் காரணி, அதாவது இயந்திரம் எவ்வளவு தடுக்கிறது என்ற எண், 100 இலிருந்து 115 வரை காட்ட வேண்டும். 2000 மீற்றரை 8 நிமிடம் 40 செக்கனில் முடிக்கிற பிள்ளை 500 மீற்றருக்கு 2:10 எடுக்கிறாள், அவள் தருவது ஏறத்தாழ 159 வாற்று. 8 நிமிடத்தில் முடிக்கிறவள் 203 வாற்று தருகிறாள். வெறும் 40 செக்கன் என்று தோன்றும், ஆனால் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான வலு கூடவேண்டும். அது ஒரு மாதத்தில் வராது. இந்தத் தூரத்துக்கு வேண்டிய சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் மூச்சுக்காற்றை நம்பியது. அதனால் பயிற்சியின் பெரும்பகுதி நிமிடத்துக்கு 18 முதல் 20 வலி, 40 முதல் 60 நிமிடம், பக்கத்தில் இருப்பவளோடு முழு வசனம் பேசக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். கிழமைக்குக் கிழமை 2000 மீற்றர் சோதனை வைக்கிற பயிற்றுநர் பிள்ளையைக் களைக்க வைக்கிறார், வளர்க்கவில்லை. ஆறு, எட்டுக் கிழமைக்கு ஒருமுறை போதும்.

வலிக்கும் ஒழுங்கு: முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் கை. திரும்பிப் போகும்போது கை, முதுகு, கால். புதுப் பிள்ளை தண்ணீரில் அலகு (துடுப்பின் அகன்ற முனை) பிடிக்க முன்னமே கையை மடக்குவாள். அல்லது கால் நீள முதுகு பின்தங்கி, இருக்கை மட்டும் பின்னால் ஓடும். இரண்டிலும் காலின் பலம் துடுப்புக்குப் போய்ச் சேராது.

இனி, தேசியப் போட்டியில் மிகக் கூடுதலாகப் பார்க்கிற தோல்வி. ஒற்றையர் படகில் 8:20 இலக்கு வைத்த பிள்ளைக்கு 500 மீற்றர் நேரங்கள் 2:02, 2:06, 2:07, 2:05 என்று வந்தால் அது நல்ல ஓட்டம். புறப்பாட்டில் கையொலி கேட்டு நிமிடத்துக்கு 42 வலியில் பறந்து, முதல் 500 ஐ 1:56 இல் கடந்தவளுக்கு அடுத்தவை 2:08, 2:14, 2:12 என்று போகும். கூட்டிப் பாருங்கள், 8:30. முதலில் சேர்த்த ஆறு செக்கனுக்கு விலையாகப் பதினாறு செக்கன் கொடுத்திருக்கிறாள். முதல் இருபது முப்பது வலி மட்டும் வேகமாக இருக்கட்டும். அதன்பின் 30 இலிருந்து 34 க்குள் இறங்க வேண்டும். இறங்குவதைப் பயிற்சியில் பழகாதவளுக்குப் போட்டியில் அது வராது.

படகுக்கு வருவோம். பெரும்பாலும் பெண்களுக்குக் கிடைப்பது ஆண்கள் ஓட்டிப் பழசாக்கிய படகு. பந்தயப் படகின் உடல் குறிப்பிட்ட நிறைக்கென்று வார்க்கப்படுவது. 85 கிலோ ஆணுக்கு வார்த்ததில் 55 கிலோப் பிள்ளை இருந்தால் படகு மேலே மிதக்கும், காற்று பக்கவாட்டில் தள்ளும், துடுப்பைத் தாங்கிப் பிடிக்கிற கவ்வி தண்ணீரிலிருந்து உயர்ந்து நிற்கும். அவள் அலகைத் தண்ணீருக்குள் வைக்கக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்க வேண்டிவரும், தோள்மூட்டு நோகும். பயிற்றுநரோ "பிள்ளைக்குப் பலம் காணாது" என்பார். படகை மாற்ற முடியாவிட்டாலும் அளவை மாற்றலாம். கவ்வியின் அடியில் உள்ள வளையங்களை மேலே எடுத்துப் போட்டால் உயரம் குறையும். இருக்கையின் தாழ்ந்த இடத்திலிருந்து கவ்வியின் அடி வரை 15 முதல் 17 சென்ரிமீற்றரில் தொடங்கிப் பாருங்கள். ஒவ்வொருவரும் கைக்கு ஒன்றாக இரண்டு துடுப்புப் பிடிக்கிற படகில் கவ்விக்கும் கவ்விக்கும் இடையே 158 முதல் 160 சென்ரிமீற்றர், துடுப்பின் நீளம் 284 முதல் 287, அதில் கைப்பிடி முனையிலிருந்து கவ்வி வரையான உட்பகுதி 87 முதல் 88. இதில் நீளத்தை மட்டும் கூட்டி மற்றவற்றை அப்படியே விட்டால் ஒவ்வொரு வலியும் பாரமாகும். கடைசி 500 இல் பிள்ளை நின்றுவிடுவாள்.

காற்பலகையில் பூட்டியிருக்கிற சப்பாத்தையும் பாருங்கள். 44 ஆம் இலக்கச் சப்பாத்துக்குள் 37 ஆம் இலக்கக் கால் வழுக்கும். வழுக்குகிற கால் தள்ளாது. சப்பாத்து மாற்றுவது ஒரு சாவியும் அரை மணி நேரமும் எடுக்கிற வேலை. பல இடங்களில் யாரும் செய்வதில்லை.

உடுப்பு பற்றி அம்மாமார் கேட்பீர்கள், நியாயமான கேள்வி. கை முழுக்க மூடலாம், கால் முழுக்க மூடலாம், ஆனால் தொளதொளப்பாக இருக்கக் கூடாது. நீண்ட சட்டை கைப்பிடியில் சிக்கும், இருக்கைச் சக்கரத்தில் சுற்றும், பிள்ளை தண்ணீருக்குள் போவாள். உடம்போடு ஒட்டிய பெனியனும் முழுக்காற்சட்டையும் போதும். போட்டியில் ஒரு படகில் உள்ள எல்லோருக்கும் ஒரே உடுப்பு.

நீச்சல் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றவே கூடாது. அடி தெரிந்த, ஆழம் அளந்த இடத்தில், பயிற்சி உடுப்போடு 100 மீற்றர் நீந்தவும் சில நிமிடம் மிதந்து நிற்கவும் தெரியவேண்டும். படகு கவிழ்ந்தால் படகை விட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது; கவிழ்ந்த படகும் மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஏற வேண்டும். சப்பாத்தின் குதிக்கால் கயிறு சரியாகக் கட்டியிருந்தால்தான் கால் தானாகக் கழரும். அந்தக் கயிறு அறுந்த படகு தண்ணீரில் இறங்கக் கூடாது.

சாப்பாட்டை நான் சுருக்கிச் சொல்ல மாட்டேன். காலையில் தேத்தண்ணியோடு பயிற்சிக்கு வந்து, அப்படியே பாடசாலைக்குப் போய், மத்தியானம்தான் சோறு காண்கிற பிள்ளை நம்மிடம் நிறையப் பேர். அப்படி ஒரு மணித்தியாலம் வலித்தால் உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும். முதலில் மாதவிடாய் பிந்தும், பிறகு நிற்கும்; எலும்பு மெலியும்; ஒருநாள் விலாவில் ஊசி குத்துவதுபோல நோவு வரும், அது எலும்பில் விழுந்த மெல்லிய கீறல். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் "நல்லாப் பயிற்சி செய்கிறாள்" என்று விடாமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். பயிற்சிக்கு முன் வாழைப்பழமோ இரண்டு துண்டு பாணோ, முடிந்த அரை மணிக்குள் அவித்த பயறு, கச்சான், முட்டை, குரக்கன் பிட்டு என்று வீட்டில் இருப்பதே போதும். முருங்கை இலையும் சூடை மீனும் தேசிக்காய்ப் புளியோடு சேரட்டும். புளி இரும்புச்சத்து உடம்பில் சுவற உதவும்.

மெல்லெடைப் பிரிவு என்று ஒன்று உண்டு: பெண்களில் தனியாள் 59 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, படகின் சராசரி 57 ஐத் தாண்டக் கூடாது. அதற்காகப் பட்டினி கிடந்து கெட்டுப்போன பிள்ளைகள் உலகம் முழுக்க உண்டு. ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு பாரிஸோடு முடிந்துவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளையை இனிமேல் அதற்காக மெலிய வைக்க எந்த நியாயமும் இல்லை.

இனி நம்முடைய தண்ணீர். மார்கழி, தை மாதங்களில் குளம் நிறைந்திருக்கும். இரணைமடு 36 அடிக்கு எட்டும். அப்போது வான்கதவுப் பக்கம் படகு போகவே கூடாது. சிறுபோகத்துக்கு நீர் திறந்தபின் மட்டம் இறங்கும். முந்தின மாதம் ஆழமாக இருந்த இடத்தில் பட்ட மரக்கட்டை தலைகாட்டும். படகின் அடித்தோல் மிக மெல்லியது, கட்டையில் மோதினால் முதலில் போவது படகை நேரே ஓட வைக்கிற அடிச்செட்டை, அடுத்தது தோல். ஆகவே நீர் இறங்கிய காலத்தில் கட்டைகளை எண்ணி, வரைபடமாக்கி, மிதவை கட்ட வேண்டும். போட்டித் தரத்துக்கு ஒரு பாதை 13.5 மீற்றர் அகலம், குறைந்தது 3 மீற்றர் ஆழம். பயிற்சிக்கு இரண்டு பாதை சுத்தமாக இருந்தால் போதும். சோளகம் வீசுகிற மாதங்களில் காலை எட்டு மணிக்குப் பிறகு அலை எழும்பிவிடும், விடியலில் இறங்கி ஏழரைக்குள் ஏறிவிட வேண்டும். வலை போட்ட இடமும் முதலை படுக்கிற கரையும் நன்னீர் மீனவர்களுக்குத் தெரியும். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதம் எவ்வளவு முக்கியமோ, மீனவர் சங்கத்தோடு முன்கூட்டியே பேசுவதும் அவ்வளவு முக்கியம்.

போட்டி நாளில் தோற்பது பெரும்பாலும் சின்னச் சாமானில். கவ்வியின் மேல் திருகு பூட்டாவிட்டால் முதல் பலமான வலியில் துடுப்பு கழன்று படகு கவிழும். 10 இலக்க, 13 இலக்கச் சாவி இரண்டும் கையோடு இருக்கட்டும். காற்றறை மூடிகள், இருக்கைச் சக்கரம், முனையிலுள்ள ரப்பர் உருண்டை எல்லாம் பாருங்கள். உருண்டை இல்லாவிட்டால் கட்டுப்பாட்டு அதிகாரிகள் படகை இறக்க விடார். புறப்பாட்டுக்கு இரண்டு நிமிடம் முன்பே பாதையில் நிற்க வேண்டும். ஒருமுறை முந்திப் புறப்பட்டால் எச்சரிக்கை, இரண்டாம் முறை வெளியே. முதல் 100 மீற்றருக்குள் சாமான் உடைந்தால் கையை உயர்த்துங்கள். நடுவர் வெள்ளைக் கொடி தூக்கி உங்கள் பெயரைச் சொன்னால் கொடி சாய்கிற பக்கம் திருப்புங்கள். பாதை மாறியதற்காக மட்டும் வெளியேற்ற மாட்டார், மற்றவரைத் தடுத்தால்தான். சுக்கான் பிடிக்கிற கொக்ஸுக்கு உலக விதிப்படி குறைந்தது 55 கிலோ; குறைந்தவர்கள் 15 கிலோ வரை பாரம் ஏற்றிக்கொள்ளலாம். உயரமில்லாத, குரல் உரத்த, தலை குழம்பாத பிள்ளைக்கு அந்த இடம்.

பதினெட்டு வயதுக்குப் பிறகு என்ன? இந்த நாட்டிலும் இந்தியாவிலும் பாடசாலை தாண்டியும் வலிக்கிற பெண்களில் பலருக்குச் சம்பளம் கொடுப்பது படை அணிகள். இங்குள்ள குடும்பங்களுக்கு அது இலகுவான வழியல்ல, ஏன் என்று இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. மிச்ச வழிகள் பல்கலைக்கழக அணி, பயிற்றுநர் சான்றிதழ், நடுவர் உரிமம், படகு திருத்தும் வேலை. கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்ய வேண்டாம். பிசினும் கண்ணாடி இழையும் வைத்து மீன்பிடிப் படகு ஒட்டுகிற கைகள் முல்லைத்தீவில் உண்டு. பந்தயப் படகுக்கும் அடிப்படை வேலை அதுவே, பாரம் சேராமல் ஒட்டுவதைத்தான் புதிதாகப் பழக வேண்டும்.

முல்லைத்தீவு என்றதால் இன்னொன்று. 2028 லொஸ் ஏஞ்சல்ஸில் கடற்கரை விரைவோட்டம் முதல்தடவையாக ஒலிம்பிக்கில் சேர்கிறது. மணலில் ஓடி, படகில் பாய்ந்து, மிதவைகளை வளைந்து வளைந்து கடந்து 250 மீற்றர் வெளியே போய், திரும்பி நேரே வலித்து, மறுபடி மணலில் ஓடி முடிக்க வேண்டும். இதற்கான கடலோர ஒற்றையர் படகு 6 மீற்றர் நீளம், குறைந்தது 35 கிலோ, அகலம் கூடியது, உள்ளே ஏறிய தண்ணீர் தானாக வடியும். எந்த அலை உடையும், எந்த அலை தூக்கும் என்று கரையில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். உள்நாட்டுக் குளத்தில் மட்டும் பழகியவர்களுக்கு அது வருடக்கணக்கில் வராது.

ஆகவே வன்னியில் முதல் வாங்குகிற படகு கடலோரப் படகாக இருக்கட்டும் என்பதே என் கருத்து. இரணைமடுவிலும் ஓடும், வாடைக்காற்று அடங்கிய மாதங்களில் முல்லைத்தீவிலும் ஓடும். கட்டையில் ஒருமுறை உரசினாலும் உடையாது. இரண்டு பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போகலாம். மெல்லிய பந்தயப் படகை, ஏர்கோமீற்றரில் நாலு பிள்ளைகள் 8:30 க்குக் கீழே வந்தபிறகு, அவர்களின் நிறையையும் உயரத்தையும் எழுதி அனுப்பி அதற்கேற்ற அளவில் கேட்டு வாங்குவோம்.