கேட்காமல் பின்தொடர்கிறவர்கள்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஃபோனில் ஏதாவது ஒரு இணையதளத்தைத் திறந்தால் திரையின் அடியில் ஒரு பெட்டி வந்து நிற்கும். குக்கீ வைத்துக்கொள்கிறோம், சம்மதமா என்று கேட்கும். அது போனால் போதும் என்று பெரிய பட்டனை அழுத்திவிட்டு நாம் வந்த வேலையைப் பார்ப்போம். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கம்பெனிகள் தாமாக மனமிரங்கி அதை வைக்கவில்லை. சட்டம் எழுதி, அந்தச் சட்டத்தை மதிக்கச் சொல்லி வழக்குப் போட்டு, படிப்படியாக வந்தது அது.

நான் ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். வீடு தண்டையார்பேட்டையில். என் தினசரி வேலை வாடகைத் தகராறு, செக் மோசடி, குடும்ப வழக்கு இப்படித்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயம் பல வருஷமாக என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

முதலில் குக்கீ என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். தீபாவளிக்குத் துணி எடுக்க எம்.சி. ரோட்டுக்குப் போகிறீர்கள். ஒரு கடையில் புடவையைப் பிரித்துப் பார்க்கிறீர்கள், விலை கட்டவில்லை, வெளியே வருகிறீர்கள். அந்தக் கடையிலிருந்து ஓர் ஆள் உங்கள் பின்னாலேயே வருகிறார். அடுத்த கடையில் என்ன பார்த்தீர்கள், மருந்துக் கடையில் எந்த மாத்திரை கேட்டீர்கள், அடகுக் கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வீடு வரைக்கும் வருகிறார். நீங்கள் திரும்பிப் பார்த்தால் ஆள் தெரியாது. இதைத்தான் சில ஆயிரம் எழுத்துகள்கூட இல்லாத ஒரு சின்னக் கோப்பு செய்கிறது. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். வந்த ஆளை ஒரு இணையதளம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒரே விளம்பரக் கம்பெனியின் குக்கீ ஆயிரக்கணக்கான இணையதளங்களில் ஒட்டிக்கொண்டபோது, அந்தக் கம்பெனியால் நம்மை எல்லா இடத்திலும் அடையாளம் காண முடிந்தது. நாம் எந்தக் கடைக்குப் போனோமோ அந்தக் கடைக்காரரே நம்மைக் கவனிப்பது ஒன்று. நாம் பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவர் நம்மை எல்லாக் கடையிலும் கவனிப்பது வேறு.

என்னிடம் ஒரு பெண் வந்தார். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஃபோன். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு ராத்திரி அந்த ஃபோனில் சிகிச்சையைப் பற்றித் தேடிப் பார்த்திருக்கிறார். தேடியதை அழித்தும் விட்டார். அடுத்த நாள் மாமியார் சீரியல் துணுக்கு பார்க்க ஃபோனை எடுத்தால், வரிசையாகக் கருத்தரிப்பு மைய விளம்பரம். வீட்டில் அன்று பெரிய ரகளை. அந்தப் பெண் என்னைக் கேட்டார்: "அக்கா, நான் யார்கிட்டயும் சொல்லலியே. இதுக்கு எதுனா கேஸ் போட முடியுமா?"

கேஸ் என்று போனால் முதலில் வரும் கேள்வி, உனக்கு என்ன நஷ்டம்? பணம் போனதா, வேலை போனதா, உடம்பில் அடி பட்டதா? எதுவும் இல்லை. நேயர்களே, இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையப் பின்தொடர்தலைப் பற்றி உலகத்தில் நடந்த முக்கியமான வழக்குகளில் திரும்பத் திரும்ப இதுதான் எதிர்த்தரப்பின் பதில். தெரியாமல்தானே பார்த்தோம், அதனால் உனக்கு என்ன நஷ்டம்?

இந்தப் பதில் இணையத்தோடு பிறந்ததில்லை. நம் உச்ச நீதிமன்றமே 1962-இல் ஏறக்குறைய இதைச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல என்னை அனுமதிக்க வேண்டும். ஜூனியர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் வழக்கு இது.

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் அவரைப் பிடித்தார்கள். ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். விட்ட பிறகும் போலீஸ் அவர் பெயரில் ஒரு சரித்திரப் பதிவேடு திறந்துவிட்டது. வடசென்னையில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இளம் வயதில் ஒரு கேஸில் பெயர் சேர்ந்துவிட்டால் ஸ்டேஷன் பட்டியலிலிருந்து அது எளிதில் போகாது. தேர்தல் வந்தால் கூப்பிடுவார்கள், திருவிழா வந்தால் கூப்பிடுவார்கள். கரக் சிங்குக்கும் அதே கதைதான். ராத்திரியில் காவல்காரர் வந்து கதவைத் தட்டுவார், பெயரைச் சொல்லிக் கத்துவார், தூக்கத்திலிருந்து எழுப்புவார். ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இது போதாது என்று வீட்டை ரகசியமாகக் கண்காணிக்கவும் போலீஸ் விதிகளில் இடம் இருந்தது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

ஆறு நீதிபதிகள் கேட்டார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராஜகோபால அய்யங்கார். மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ். இருவருமே ஒரு காலத்தில் நம் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் நீதிபதிகளாக இருந்தவர்கள். நான் தினமும் தாண்டிப் போகிற அந்தச் சிவப்புக் கட்டடத்தில் உட்கார்ந்தவர்கள்.

பெரும்பான்மை என்ன சொன்னது? ராத்திரி வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவது தப்பு, அந்த விதி செல்லாது என்றது. நல்ல முடிவு. ஆனால் வீட்டை ரகசியமாகக் கண்காணிப்பது? அது அவருக்கே தெரியாமல் நடக்கிறதே, அதனால் அவருடைய நடமாட்டம் எப்படிப் பாதிக்கும் என்று கேட்டு, அதை விட்டுவிட்டது. அந்தரங்க உரிமை என்று அரசியல் சாசனத்தில் உத்தரவாதம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னது. சுப்பா ராவ் ஒத்துக்கொள்ளவில்லை. போலீஸின் பார்வைக்குக் கீழே ஒருவன் நடப்பது சுதந்திரமான நடையா என்று கேட்டார். பின்தொடரப்படுகிற மனிதனுக்கு நாடு முழுவதுமே சிறைதான் என்று எழுதினார். நீதிபதி ஷாவும் அவரோடு சேர்ந்துகொண்டார். அப்போது தோற்ற பக்கம் அது.

55 வருஷம் கழித்து, 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த ஆதார் வழக்கில் கிளம்பிய கேள்வி அது. அந்தரங்கம் அடிப்படை உரிமை, கரக் சிங் தீர்ப்பில் அதை மறுத்த பகுதி இனிச் செல்லாது என்றார்கள். சுப்பா ராவ் பக்கம் ஜெயித்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இடையில் 1994-இல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன நக்கீரன் கோபால் வழக்கிலும், ஆட்டோ சங்கர் தன் வரலாறு சம்பந்தப்பட்ட வழக்கு அது, தன்னைத் தனியே விடச் சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

சரி, குக்கீக்கு வருவோம். ஜெர்மனியில் பிளானட்49 என்று ஒரு கம்பெனி குலுக்கல் பரிசுப் போட்டி நடத்தியது. பங்கெடுக்கிறவர்களுக்கு வந்த பெட்டியில் குக்கீக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தது. வேண்டாம் என்றால் நாம்தான் டிக்கை எடுக்க வேண்டும். நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: டிக்கை எடுக்காமல் விட்டதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. குக்கீ எத்தனை நாள் இருக்கும், வேறு யார் கைக்குப் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்புறம் பிரான்சின் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. சரி என்று சொல்ல ஒரு தட்டு போதும், வேண்டாம் என்று சொல்லப் பல தட்டு தட்ட வேண்டியிருக்கிறது, அதுதான் காரணம். பட்டனை எங்கே வைக்கிறார்கள் என்பதைக்கூட ஓர் ஆணையம் எண்ணிப் பார்த்து அபராதம் போட்டிருக்கிறது பாருங்கள்.

எல்லா வழக்கும் ஜெயிக்கவில்லை. ஐஃபோனில் வரும் சஃபாரி பிரவுசர் இப்படிப்பட்ட வெளி ஆட்களின் குக்கீயைத் தடுத்து வைத்திருந்தது. கூகுள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. 2012-இல் அமெரிக்காவில் 2 கோடியே 25 லட்சம் டாலர் கட்டியது. இங்கிலாந்தில் சிலர் வழக்குப் போட்டார்கள். 2015-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், பண நஷ்டம் இல்லாவிட்டாலும் மன உளைச்சல் ஒன்றே வழக்குக்குப் போதும் என்றது. என்னிடம் வந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு வேண்டிய தீர்ப்பு அதுதான். அந்தத் தெம்பில் ரிச்சர்ட் லாயிட் என்பவர் 40 லட்சத்துக்கும் அதிகமான ஐஃபோன்காரர்களுக்காக மொத்தமாக ஒரே வழக்கைக் கொண்டுபோனார். 2021 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக என்ன பாதிப்பு என்று நிரூபிக்க வேண்டுமாம். மறுபடியும் அதே கேள்வி, உனக்கு என்ன நஷ்டம்? 40 லட்சம் பேர் தனித்தனியாக எந்தக் காலத்தில் நிரூபிப்பது? என் மனசுக்கு அந்தத் தீர்ப்பு இன்றுவரை ஒப்பவில்லை. கேட்காமல் எடுத்தார்கள் என்பதே பாதிப்புதான். அதற்கு மேல் எதை நிரூபிக்கச் சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் கூகுளின் இன்காக்னிட்டோ, அதாவது பார்த்த பக்கங்களை ஃபோனில் பதிவு வைக்காத பிரவுசர் வசதி, அது பற்றிய வழக்கையும் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிறது என்று சைகை காட்டுகிறார்கள். 2024-இல் சமரசம் ஆகி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒத்துக்கொண்டது என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

நம் ஊர்ச் சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் என்று வைத்திருக்கிறார்கள். சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம். ஆனால் அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா கிடையாது. தகவலைக் கவனக்குறைவாக வைத்து நஷ்டம் உண்டாக்கினால் இழப்பீடு என்று பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவையும் நீக்கிவிட இந்தச் சட்டமே வழிசெய்கிறது. இது பெரிய குறை. இதற்காக இனிமேல்தான் வழக்குகள் வர வேண்டும், வரும்.

இன்னும் ஒன்று, அரை நிமிஷம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. தமிழும் அதில் உண்டு. அந்தக் கடமை நடைமுறைக்கு வந்த பிறகும் தமிழில் காட்டாவிட்டால் முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். எழுதியதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.