குழந்தைக்கு ஒரு சுவர்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியப் பெருமக்களே, என்னை அன்போடு அழைத்து அழைத்து இந்த மேடையில் நிறுத்தியிருக்கும் செயலாளர் அவர்களே, சற்று முன்பு தாலாட்டைப் பற்றி உருகிப் பேசி அமர்ந்திருக்கும் கவிஞர் அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். கடைசி வரிசைகளில் அமர்ந்திருக்கும் மழலையர் வகுப்பு ஆசிரியைகளே! உங்களை முன்வரிசைக்கு அழைக்கலாமா என்று தலைவர் அவர்களிடம் கேட்டேன், பெருந்தன்மையோடு இசைந்தார். முன்னால் வந்து அமருங்கள். இன்றைய பேச்சு உங்களுக்கானது.

‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பார்கள் பெரியவர்கள். உடல்நலத்தைப் பேணச் சொன்ன பழமொழி அது. நான் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவன். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

ஓவியத்தின் வழியாகக் குழந்தைகளுக்கு அடிப்படை வடிவங்களைக் கற்பிப்பது குறித்துப் பேசப் பணித்திருக்கிறார்கள். கை, கண், வண்ணம் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் கை. மூன்று வயதில் குழந்தை வட்டத்தைப் பார்த்து வரைந்துவிடும். சதுரம் வர நான்கு, நான்கரை வயதாகும். முக்கோணம் ஐந்தை ஒட்டி வரும். சாய்சதுரத்துக்கு ஆறு, ஏழுகூட ஆகலாம். நெட்டுக்கோடும் படுக்கைக்கோடும் கைக்குச் சீக்கிரம் வசப்படும், சாய்கோடுதான் அடம்பிடிக்கும். மூன்று வயதுப் பிள்ளையிடம் சதுரம் வரையச் சொல்லிப் பாருங்கள். ஒரு வட்டத்தைப் போட்டு, அதைச் சுற்றி நான்கு கொம்பு முளைக்க வைக்கும். அந்தக் கொம்பைச் சிவப்பு மையால் அடித்திருந்த தாளை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. அம்மா, அந்தக் கொம்புதான் மூலை! மூலை என்று ஒன்று இருப்பது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. கோட்டை அங்கே திருப்பும் வித்தைக்குத்தான் கை இன்னும் காத்திருக்கிறது.

அடுத்தது கண். இதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழலையர் வகுப்பில் நீலத் தாளில் பெரிய முக்கோணம் ஒன்றை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தேன். மறுநாள் காலை அது தரையில் கிடந்தது. அவசரத்தில் எடுத்துத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். பிள்ளைகள் வந்தார்கள். “ஐயா, முக்கோணம் எங்கே?” என்றான் ஒருவன். “இதோ இருக்கிறதே” என்றேன். “இது முக்கோணம் இல்லை!” வகுப்பே சேர்ந்து, “இல்லை, இல்லை!” என்றது. விரல் வைத்து மூலைகளை எண்ணிக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. என்னோடு சேர்ந்து எண்ணிவிட்டு, “மூன்று இருக்கிறது, ஆனால் முக்கோணம் இல்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி. இரண்டு மாதமாக ஒரு வார்த்தைகூடப் பேசாதவள். எழுந்தாள். சுவர் வரை நடந்தாள். சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தாள். “இப்போது முக்கோணம்!” என்று கத்தினாள். அவ்வளவுதான், இருபது பிள்ளைகளும் ஓடிவந்து வரிசையாகக் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே வந்தார். “என்ன பாடம் நடக்கிறது?” “வடிவியல் அம்மா” என்றேன், குனிந்தபடியே. அவர் ஒரு கணம் நின்றார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தலையைத் தோள் வரை சாய்த்துச் சுவரைப் பார்த்து, “இப்படிப் பார்த்தால்?” என்றார். பிள்ளைகள் பொத்தென்று தரையில் ஒருக்களித்துப் படுத்துவிட்டார்கள்! மறுவாரம் அந்தச் சிறுமி, சாய்ந்து கிடக்கும் முக்கோணம் ஒன்றை வரைந்து வந்து, “இது தூங்குகிறது” என்றாள்.

1957ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்ற ஆசிரியத் தம்பதியர் தங்கள் ஆய்வுகளில் சொன்னது இதைத்தான். முதல் படியில் குழந்தை வடிவத்தை முழுத் தோற்றமாகவே அடையாளம் காண்கிறது. பக்கத்தையும் மூலையையும் வைத்து அறிவது அடுத்த படி. சதுரத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் ‘இது டைமண்ட்’ என்று பிள்ளை சொல்வதும் இதனால்தான். எப்போதும் நிமிர்ந்து நிற்கும் முக்கோணத்தையே அச்சடித்து வண்ணம் தீட்டக் கொடுத்தால், பிள்ளை எப்படி அடுத்த படிக்கு ஏறும்? அச்சடித்த கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் தாள்களை வகுப்பிலிருந்து அகற்றுங்கள் என்று இருபது ஆண்டுகளாக மேடைதோறும் கேட்டுவருகிறேன். இங்கேயும் கேட்கிறேன்.

பதிலுக்கு என்ன கொடுப்பது? மழலையர் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று 1840இல் பெயர் சூட்டிய ஃப்ரோபல், பிள்ளைகள் கையில் உருண்டையும் உருளையும் கனசதுரமும் கொடுத்தார். மர உருளையின் அடியை வண்ணத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் வட்டம். அதே உருளையைப் படுக்க வைத்து ஒரு சுற்று உருட்டினால் செவ்வகம்! கூம்பை உருட்டினால் நேராக ஓடாது, தன் முனையையே சுற்றிவரும். இதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் நீங்கள் அச்சுத்தாளைத் தொட மாட்டீர்கள்.

வண்ணத்துக்கு வருகிறேன். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஓவியர் காண்டின்ஸ்கி 1923இல் ஒரு வினாத்தாள் கொடுத்து, முக்கோணம், சதுரம், வட்டம் மூன்றுக்கும் மஞ்சள், சிவப்பு, நீலத்தைப் பொருத்தச் சொன்னார். விரித்துப் பேச வேண்டிய செய்தி. ஆனால் தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். மருத்துவர் அம்மா காத்திருக்கிறார். சுவரைப் பற்றிச் சொல்லாமல் இறங்க எனக்கு மனமில்லை.

சுவரை வைத்துத்தான் சித்திரம். மேசையில் வைத்த சின்னத் தாளில் பிள்ளையின் விரலும் மணிக்கட்டும்தான் அசையும். சுவரில் வரையும்போது தோளிலிருந்து கை சுழலும். உடம்பே வட்டம் போடும். ஒவ்வொரு மழலையர் வகுப்பிலும் ஒரு சுவரை, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை, பிள்ளைகளுக்கென்று விட்டுவிடுங்கள். பாட அட்டவணை வேண்டாம், வாழ்த்துப்படம் வேண்டாம். வெறும் தாளை ஒட்டுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். எடுத்த தாளில் தேதி எழுதி வையுங்கள். கொம்பு மூலையாக மாறிய வாரம் எது என்று உங்களுக்கே தெரியும்.

மேடையில் இருக்கும் தலைமையாசிரியப் பெருமக்கள் ஐவரும் ஆளுக்கொரு சுவர் தருவதாக இங்கேயே அறிவிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அரங்கின் வாசல் சுவரில், செயலாளர் அவர்களின் அனுமதியோடு, ஒரு மீட்டர் உயரத்துக்குத் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். கீழே கிரேயான் பெட்டி இருக்கிறது. போகும்போது முழங்காலிட்டு ஆளுக்கொரு முக்கோணம் வரைந்துவிட்டுப் போங்கள், எந்தப் பக்கம் பார்த்தபடியும். நன்றி, வணக்கம்.