1906 அக்டோபர்: ஒரு கப்பல் கம்பெனி, ஒரு வங்கி

வணக்கம் நேயர்களே. ஆங்கிலேயர் காலத்துத் தொழிலும் வணிகமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது இருநூறு வருடக் கதை, இந்த நேரத்துக்குள் அடங்காது. அதனால் ஒரே ஒரு மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். 1906 அக்டோபர். சென்னை மாகாணத்தில் அந்த மாதம் ஒரு வாரத்துக்குள் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த ஆட்சியில் நம் ஆட்கள் எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய விடவில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரிகிறது.

முதல் காரியம், அக்டோபர் 16. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பாண்டித்துரைத் தேவர் தலைவர், ஓடியாடி உழைத்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. வ.உ.சி. செக்கிழுத்தது எல்லோருக்கும் தெரியும். அவர் வியாபாரத்தில் எதை எதிர்த்து நின்றார் என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் அப்போது கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. தூத்துக்குடியில் அதற்கு ஏஜென்ட் யார்? ஏ. அண்ட் எஃப். ஹார்வி. கோரல் மில்லை நடத்தியதும் அதே ஹார்விதான். அதாவது பஞ்சாலையும் கப்பல் டிக்கெட்டும் ஒரே வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில். அதிகாரிகளோ அவர்கள் பக்கம். தொடக்கத்தில் வ.உ.சி. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார், பி.ஐ. நெருக்கடி கொடுக்க, ஷா லைன் விலகிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் சொந்தக் கப்பல் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று முடிவு செய்து, நிதி திரட்டி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்கி வந்தார்கள்.

அப்புறம் நடந்தது கட்டணச் சண்டை. பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. கடைசியில் பி.ஐ. இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். எத்தனை மாதம் நஷ்டத்தில் ஓடினாலும் தாங்குகிற பெரிய கம்பெனி அது, பல துறைமுகங்களில் லாபம் வருகிறது. நம்முடையது 25 ரூபாய்ப் பங்குகளில் நின்ற கம்பெனி. அப்படியும் மக்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள், அதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள், மார்ச்சில் நிர்வாகம் இறங்கி வந்தது. அதே மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது. ராஜதுரோக வழக்கு, இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. தலைவர் சிறையில் இருக்க 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

சரி, இரண்டாவது காரியத்துக்கு வருவோம். அக்டோபர் 22. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவால். பாரி, பின்னி, அர்பத்நாட் என்று சொல்லும் அளவுக்கு நகரின் பெரிய வெள்ளைக்கார வணிகக் கம்பெனிகளில் ஒன்று. வங்கித் தொழிலும் நடத்தியதால், ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், உத்தியோகஸ்தர்கள் என்று எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அங்கே கிடந்தது. வெள்ளைக்காரன் கம்பெனி, பணம் எங்கே போகும் என்ற நம்பிக்கை. லண்டன் பங்காளி மக்ஃபேடியன் அந்தப் பணத்தைத் தாறுமாறான முதலீடுகளில் விட்டிருந்தார். கம்பெனி மூடுவதற்குச் சற்று முன் அவர் லண்டனில் ரயில் முன் விழுந்து இறந்தார். சென்னைப் பங்காளி சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் 18 மாதக் கடுங்காவல்.

பணம் போட்டவர்களுக்காக வாதாடியவர் வி.கிருஷ்ணசாமி ஐயர். அவரும் நண்பர்களும் நாமே ஒரு வங்கி வைப்போம் என்று இறங்கினார்கள். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், மூலதனம் கொடுத்தார்கள். 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவாகி, ஆகஸ்ட் 15 அன்று வேலை தொடங்கியது. பிற்பாடு அர்பத்நாட் கம்பெனி இருந்த இடத்தையே வாங்கியது.

வங்கி நின்றது, கப்பல் கம்பெனி போனது. ஏன்? திறமையில் குறை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெள்ளைக்காரக் கம்பெனி திவாலாகி விட்டுப்போன காலி இடத்தில் வங்கி போய் உட்கார்ந்தது. கப்பலோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி லாபம் பார்த்துக்கொண்டிருந்த பாதையில் குறுக்கே போனது. நகரத்தாரின் பர்மா வியாபாரத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஐராவதி வடிநிலத்து நெல் விவசாயிக்குக் கடன் கொடுக்க ஆங்கிலேய வங்கி போகவில்லை, செட்டியார்கள் போனார்கள். அதில் அரசுக்கு ஆட்சேபம் இல்லை, அரிசி ஏற்றுமதி பெருகினால் அதற்கும் நல்லதுதானே.

பஞ்சாலை விஷயத்தில், வெள்ளைக்காரர் லாபத்துக்குக் குறுக்கே போகக்கூடாது என்பது சட்டமாகவே எழுதப்பட்டது. 1896இல் இறக்குமதித் துணிக்கு 3.5 சதவீதம் சுங்கம். அதே 3.5 சதவீதத்தை இந்திய மில் துணிக்கும் உள்நாட்டு வரியாகப் போட்டார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைக்காரர்கள் கேட்டார்கள், நடந்தது. சொந்த ஊரில் நெய்த துணி, கடல் தாண்டி வந்த துணிக்கு முன்னால் எந்தச் சலுகையும் பெறக்கூடாது! 1925 டிசம்பரில்தான் அந்த வரி நிறுத்தப்பட்டது. கோயம்புத்தூரில் மில்கள் அடுத்தடுத்து எழுந்தது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த 1930களில்.

இதையெல்லாம் தேடுகிறவர்களுக்கு அரசு ஆவணங்களும் கம்பெனி அறிக்கைகளும் கிடைக்கின்றன, 25 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கியவர் பக்கத்துக் கதை கிடைப்பது அரிது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பங்குப் பத்திரமோ, பேரேடோ, ரங்கூனிலிருந்து வந்த கணக்குக் கடிதமோ இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. எதற்கும் ஒரு தடவை அங்கே கேட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.