ஆணையா, வழக்கமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பூட்டானின் மேற்கில் வாழும் ஙலோப் மக்களுடைய பண்பாட்டைக் காத்து நிற்பது அரசாணையா, மக்கள் வழக்கமா? வழக்கமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

ஆணையே என்று வாதிடும் எதிரணித் தலைவர், பௌத்தத் துறவி ஷப்துரூங் ஙவாங் நம்கியலிடமிருந்து தொடங்கினார். 1616இல் திபெத்திலிருந்து வந்து, கோட்டைகள் கட்டி, நாட்டை ஒன்றாக்கியவர் அவர், மறுக்கவில்லை. ஆனால் அவர் கொண்டுவந்த திருக்பா காக்யூ என்ற பௌத்தப் பிரிவு அந்த மண்ணுக்குப் புதியதா? 13ஆம் நூற்றாண்டிலேயே திபெத்தியத் துறவி பாஜோ துருகோம் ஷிக்போ மேற்குப் பள்ளத்தாக்குகளில் அதைப் பரப்பிவிட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அதைப் பேணிய குடும்பங்கள் இருந்ததால்தான் ஷப்துரூங்குக்கு அங்கே வரவேற்பு கிடைத்தது. நம்பிக்கை முந்தியது ஐயா, கோட்டை பிந்தியது!

பாரோ பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் நடக்கும் செச்சு என்ற பௌத்த விழாவின் கடைசி நாளைப் பாருங்கள். விடிவதற்கு முன்பே, பௌத்த குரு பத்மசம்பவரின் உருவம் தைத்த மாபெரும் பட்டுத்திரையை, தோங்ட்ரோலை, சுவர் நிறைய விரிக்கிறார்கள். கண்ணால் கண்டாலே பாவம் தீரும் என்பது நம்பிக்கை. வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். அதற்குள் பாட்டிமாரும் கைக்குழந்தைக்காரிகளும் இருட்டில் வரிசையில் நின்று, திரையின் ஓரத்தை நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்கள். அந்தக் குளிரில் அவர்களை எழுப்பிவிட்டது எந்த அரசாணை? புனாகா ஊர்ப் பக்கம் சிமி லாகாங் கோயிலுக்கு வயல் வழியே நடந்துபோய்ப் பிள்ளை வரம் கேட்கிறார்களே, யார் அனுப்பிய சுற்றறிக்கை அது?

மொழிக்கு வருவோம். 1971இல் ஙலோப் மக்களின் தாய்மொழியான ஜோங்கா தேசிய மொழியானது. ஆனால் பள்ளியில் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில்தான். திம்புவிலும் பாரோவிலும் அந்த மொழியைப் பிள்ளைகளின் வாயில் வைத்திருப்பது வீடு.

1989இல் வந்த உடை ஆணையை எதிரணியினர் தூக்கிப் பிடித்தார்கள். ஆண்களுக்குக் கோ என்ற முழங்கால் வரை வரும் அங்கி, பெண்களுக்குக் கிரா என்ற கணுக்கால் வரை வரும் உடை கட்டாயம். காலங்காலமாக அதையே உடுத்திவந்த ஙலோப்புக்கு அந்த ஆணை எதற்கு? அது விழுந்தது தெற்கே நேபாளி பேசிய லோட்சம்பா மக்கள் தலையில். பள்ளிகளில் நேபாளிப் பாடமும் நின்றது. குடியுரிமைக் கெடுபிடியும் சேர, 1990களில் லட்சம் பேரளவில் நேபாளத்து அகதி முகாம்களுக்குப் போனார்கள். இதைப் பண்பாட்டுக் காவல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எதிரணியில் அடுத்துப் பேசுபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்த 1989 ஆணையால் ஙலோப் மக்களுக்குப் புதிதாகக் கிடைத்த ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், ஒரு வழிபாடு உண்டா? உண்டென்றால் இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால், நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் எழுதுங்கள்.