‘அதிக அபாயம்’ என்றால் கரை உடையப் போகிறதா?

அடுத்த கேள்வி மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. அவருடைய மகன் அமெரிக்காவில் ஒரு நிலக்கரி மின்நிலையத்தில் வேலைக்குச் சேரப் போகிறார். அங்கே சாம்பல் குளத்தை, அதாவது எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரோடு தேக்கி வைக்கும் குளத்தை, சுற்றியிருக்கும் மண்கரையைப் பற்றிய அறிக்கையில் ‘அபாய வகை: அதிகம்’ என்று இருக்கிறதாம். அதே அறிக்கையில் நாலு பக்கம் தள்ளி ‘கரையின் நிலை: திருப்திகரம்’ என்றும் இருக்கிறதாம். “எதை நம்புவது ஐயா, மகனைப் போகச் சொல்லவா, வேண்டாமா?” என்று கேட்கிறார்.

இரண்டையும் நம்பலாம் அம்மா. அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

‘நிலை’ என்பது கரையைப் பார்த்து எழுதியது. விரிசல் உண்டா, சரிவு உண்டா, கசிவு உண்டா என்று நடந்து பார்த்து எழுதுவது. ‘அபாய வகை’ கரையின் பலத்தைப் பார்ப்பதே இல்லை. ஒருவேளை உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள், எது இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. உங்களுக்குத் தெரிந்த இடமாகச் சொல்கிறேன். பினாங்கில் கெக் லோக் சி கோயிலுக்கு மேலே மலையில் ஆயர் ஈத்தாம் அணை இருக்கிறது இல்லையா? அந்த அணை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சரி, அமெரிக்க முறைப்படி எழுதினால் ‘அதிகம்’ என்றுதான் எழுத வேண்டும். கீழே ஊர் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

உடைந்தால் உயிர்ச்சேதம் வரக்கூடும் என்றால் ‘அதிகம்’. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஆறு கெடும், சாலை துண்டிக்கப்படும் என்றால் நடுவகை. நஷ்டம் பெரும்பாலும் நிறுவனத்தின் நிலத்தோடு முடிந்துவிடும் என்றால் ‘குறைவு’. 2009-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 44 சாம்பல் குளங்களை ‘அதிக அபாயம்’ என்று பட்டியல் போட்டு வெளியிட்டது. அதைப் பார்த்தால் 44 கரை உடையப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. பெயர் வைத்தவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

அந்தப் பட்டியல் ஏன் வந்தது என்றால், 2008 டிசம்பர் 22 அன்று டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் மின்நிலையத்தின் சாம்பல் குளக் கரை நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சரிந்தது. சுமார் 40 லட்சம் கன மீட்டர் சாம்பல் குழம்பு எமரி ஆற்றிலும் சுற்றியிருந்த நிலத்திலும் போய் விழுந்தது. வீடுகள் பெயர்ந்தன. சரிவில் யாரும் இறக்கவில்லை.

சரி, வகை உயர்ந்தால் என்ன ஆகும்? பொறுப்பு கூடும். 2015-இல் அங்கே வந்த விதியின்படி, குறைந்த அபாய வகைக் குளம் நூறு ஆண்டு வெள்ளத்தை, அதாவது எந்த ஓர் ஆண்டிலும் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தை, தாங்கினால் போதும். நடுவகைக்கு ஆயிரம் ஆண்டு வெள்ளம். அதிக அபாயம் என்றால், அந்த இடத்தில் வரச் சாத்தியமுள்ள உச்ச வெள்ளத்தையே தாங்க வேண்டும். வகை எதுவானாலும் ஏழு நாளைக்கு ஒருமுறையாவது கரையைப் பார்வையிட வேண்டும். நடுவகைக்கும் அதிக அபாய வகைக்கும் அவசரகாலத் திட்டம் எழுதி வைக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, எந்த வகை என்பதையும் மறுபடி பார்க்க வேண்டும். ஏனென்றால் கரை அப்படியே இருக்கும், கீழே ஊர் மாறிவிடும். இங்கே செம்பனைத் தோட்டம் தாமானாக, வீடமைப்புப் பகுதியாக, மாறுவதை நாம் பார்க்காததா?

 

இனி அந்த ‘திருப்திகரம்’. அம்மா, எனக்கு அதில்தான் கண் போகும். அது ஆய்வு செய்த அன்றைய நிலை. 1972-இல் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ க்ரீக் என்ற இடத்தில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். நாலு நாள் முன்னால் வந்த ஆய்வாளர் அதைத் திருப்திகரம் என்றுதான் சொல்லியிருந்தார்.

வேலை செய்த காலத்தில் நான் கரையின் அடிவாரத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். மழையில்லாத மாதத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று இருந்தால் அங்கே கசிகிறது. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், நம் ஊர் ஏரிக்கரைகளும் அப்படித்தான். அந்தக் கசிவு நீரை நிறமில்லாத ஒரு போத்தலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். தெளிவாக இருந்தால் அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் ஒப்பிட்டால் போதும். கலங்கலாக இருந்து, போத்தல் அடியில் வண்டல் படிந்தால், கரைக்குள்ளிருந்து மண் வெளியே வருகிறது என்று அர்த்தம். உள்ளே குழாய் மாதிரி ஓட்டை விழுந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது. ஒருமுறை ஒரு தோட்டத்தில் அப்படிக் காட்டியபோது, மேலாளர் போத்தலை வாங்கிப் பார்த்துவிட்டு, “மழைத் தண்ணீர்தானே” என்றார். மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மகனைப் போகச் சொல்லுங்கள் அம்மா. போன முதல் வாரத்தில் அவசரகாலத் திட்டத்தை வாங்கி, அதில் வெள்ளம் பரவும் வரைபடத்தில் தன் அலுவலகமும் குடியிருக்கும் வீடும் எங்கே விழுகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டு ஆய்வறிக்கைகளை நிறுவனம் இணையத்தில் பொதுவில் போட வேண்டும் என்பதும் அங்கே விதி. கடைசி மூன்று ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கசிவு அளவு ஏறுகிறதா என்று நீங்களே பட்டர்வொர்த்தில் உட்கார்ந்து பார்க்கலாம். எண் புரியவில்லை என்றால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.