ஏடிஆரில் இருந்து ஏர்பஸ்ஸுக்கு: இப்போதே தாவலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

[திரையில்: தூத்துக்குடி ஓடுபாதை, மேலிருந்து. பழைய நீளம் மஞ்சளில், நீட்டிய பகுதி பச்சையில்.]

தூத்துக்குடியின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர் அளவுதான். அந்த நீளத்துக்கு ஏடிஆர் 72 மாதிரி புரொப்பெல்லர் விமானம்தான் சரிப்பட்டு வரும். இப்போது அது 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. ஏர்பஸ் தாராளமாக இறங்கலாம்.

ஓடுபாதையை நீட்டிவிட்டார்கள். ஆனால் இந்த மாதிரிச் சின்ன ஊர்களுக்கு ஏடிஆர் ஓட்டிப் பழகிய பைலட், பெரிய கம்பெனிக்குப் போய் ஏ320 என்ற ஏர்பஸ் ஜெட்டில் உட்கார வேண்டுமென்றால் என்னென்ன நடக்கும்? அதுதான் இந்த வீடியோ. பைலட்டுகளின் வீட்டில் இருப்பவர்களும் பாருங்கள். சம்பளம் ஏறுவதற்கு முன்னால் ஏன் இறங்குகிறது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

[திரையில்: காலண்டர். 6 மாதம் – கோ-பைலட். 12 மாதம் – கமாண்டர்.]

பெரும்பாலானவர்கள் விமானத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். தேதிகளைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு இது.

முதல் தேதி, நோட்டீஸ் முடியும் நாள். 2017 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கோ-பைலட் 6 மாதமும் கமாண்டர், அதாவது கேப்டன், 12 மாதமும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கம்பெனி மனசு வைத்து என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், கொடுத்தால் முன்னதாகவே கிளம்பலாம். ஆள் பற்றாக்குறை உள்ள சின்ன கம்பெனி அவ்வளவு சுலபமாகக் கொடுக்காது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தோளில் கேப்டனுக்கான நான்காவது பட்டை ஏறும் அன்றே உங்கள் நோட்டீஸ் காலம் இரட்டிப்பாகிறது. கேப்டன் ஆவதற்கான கமாண்ட் பயிற்சிக்கு என்று புது பாண்டும் (இத்தனை காலம் இருப்பேன், முன்னால் போனால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) பல இடங்களில் கையெழுத்து வாங்குவார்கள். ஆகவே, "கேப்டன் ஆகிட்டு உடனே போயிடலாம் சார்" என்று சொல்பவர், கேப்டன் ஆன பிறகு குறைந்தது ஒரு வருஷம் அங்கேதான் இருக்கப் போகிறார்.

அதே விதியில் பைலட்டுக்குச் சாதகமான வரியும் உண்டு. நோட்டீஸ் காலத்தில் கம்பெனி சம்பளத்தையோ சலுகைகளையோ குறைத்தால், வேலை நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றினால், முன்னதாக விடுவிக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம். அதனால் நோட்டீஸ் கொடுத்த பிறகு வரும் ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் எடுத்து வையுங்கள்.

பாண்ட் வேறு, நோட்டீஸ் வேறு. நோட்டீஸ் முழுவதும் முடித்தாலும் பாண்ட் தொகை பாக்கி இருக்கலாம். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: மாதம் ஆக ஆகத் தொகை குறைகிறதா, இல்லை கடைசி நாள் வரை முழுத்தொகையுமா? "கோர்ட்டுக்குப் போனால் பாண்ட் நிற்காது" என்று க்ரூ ரூமில் பேசிக்கொள்வதை நம்பிப் போகாதீர்கள். 2025 மே மாதம் ஒரு வங்கி ஊழியர் வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

[திரையில்: ராஜினாமாக் கடிதம். மேலே சிவப்பில்: "ஆஃபர் லெட்டர் எங்கே?"]

நோட்டீஸ் ஒரு வருஷம் என்றால், அந்த ஒரு வருஷத்தில் சந்தை மாறலாம். ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். வந்த லெட்டரிலும், உங்கள் நோட்டீஸ் முடியும் வரை காத்திருப்போம் என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

கொடுத்த ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியுமா? 2021 ஜூனில் தில்லி உயர் நீதிமன்றம் ஏர் இந்தியா பைலட்டுகள் 40-க்கும் மேற்பட்டவர்கள் விஷயத்தில், நோட்டீஸ் காலத்துக்குள் வாபஸ் வாங்கியது செல்லும் என்று மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. ஆனால் ஏர் இந்தியா அப்போது அரசு நிறுவனம். தனியார் கம்பெனியிலும் இப்படியே நடக்கும் என்று எண்ணிக் குதிக்க வேண்டாம்.

[திரையில்: கணக்குப் பலகை.]

இப்போது பணம். இந்த எண்கள் கணக்குக்காக நாமே வைத்துக்கொள்பவை. எந்தக் கம்பெனியின் சம்பளமும் இல்லை. உங்கள் எண்ணைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

ஏடிஆர் கேப்டன், மாதம் 5 லட்சம். பெரிய கம்பெனியில் முதல் 6 மாதம் பயிற்சிக் காலம், 1 லட்சம். பிறகு ஏ320 கோ-பைலட்டாக 30 மாதம், 3 லட்சம். அதன் பிறகு கமாண்ட், 7 லட்சம்.

பயிற்சியில் இழப்பது மாதம் 4 லட்சம் வீதம் 24 லட்சம். கோ-பைலட் காலத்தில் மாதம் 2 லட்சம் வீதம் 60 லட்சம். மொத்தம் 84 லட்சம். கமாண்ட் வந்த பிறகு மாதம் 2 லட்சம் கூடுதலாக வருகிறது, அதாவது 42 மாதத்தில் பள்ளம் நிரம்பும். சேர்ந்த நாளில் இருந்து எண்ணினால் ஆறரை வருஷம்.

கமாண்ட் இரண்டு வருஷம் தள்ளிப்போனால்? இழப்பு இன்னும் 48 லட்சம் ஏறி 1 கோடியே 32 லட்சம். அதை எடுக்க 66 மாதம். மொத்தம் பத்தரை வருஷம். 32 வயதுக்காரருக்கு இது சின்ன விஷயம், 65 வரை பறக்கலாம். 50 வயதில் இதே முடிவு கிட்டத்தட்ட நஷ்டம்தான். ஆகவே இன்டர்வியூவில் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி சம்பளம் இல்லை. "கடைசியாகக் கமாண்ட் கிடைத்தவர் எந்தத் தேதியில் சேர்ந்தவர்?" என்று கேளுங்கள்.

கோ-பைலட்டுக்குக் கணக்கு வேறு. இழக்கச் சம்பளம் குறைவு, நோட்டீஸும் பாதி. கமாண்ட் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்றால் கிளம்புவதே மேல். வரிசையில் அடுத்த ஆள் நீங்கள்தான் என்றால், எங்கள் கருத்து: பட்டையை வாங்கிக்கொண்டு போங்கள். பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் ஏறிய கமாண்ட் மணி நேரத்தை யாரும் திரும்ப எடுக்க முடியாது. சீனியாரிட்டி அப்படியில்லை, கம்பெனி மாறினால் வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

"சின்ன கம்பெனி எப்போ வேணா மூடிடும்" என்று ஒரு பயம் உண்டு. பொய்யில்லை. சென்னையை மையமாகக் கொண்ட பாரமவுண்ட் 2010-இல் நின்றது, விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2017-இல், ட்ரூஜெட் 2022-இல். ஆனால் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட்டும் நின்றனவே, அவை சின்னவையா? அளவைப் பார்க்காமல் சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா என்று பாருங்கள். பிஎஃப் கணக்கில் பணம் ஏறுவது தாமதமாவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி.

[திரையில்: ஏடிஆர் 72, இண்டிகோ நிறத்தில்.]

நடுவழி ஒன்றும் இருக்கிறது. இண்டிகோ 2017 டிசம்பரில் இருந்து ஏடிஆரும் ஓட்டுகிறது. கையில் இருக்கும் ஏடிஆர் ரேட்டிங்கோடு (அந்த ரக விமானத்தை ஓட்டும் அனுமதி) அங்கே சேர்ந்தால் பயிற்சிப் பள்ளம் பெருமளவு இல்லை. பிறகு உள்ளுக்குள்ளேயே ஏர்பஸ்ஸுக்கு மாறலாம். அந்த மாற்றம் எத்தனை வருஷம் கழித்து, அதற்கு பாண்ட் எவ்வளவு, சீனியாரிட்டி முதலில் சேர்ந்த தேதியில் இருந்தா மாறிய தேதியில் இருந்தா என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

[திரையில்: சிமுலேட்டர். வேகம் 220 நாட், உயரம் 3,000 அடி, ஓடுபாதைக்கு 10 மைல்.]

ஏடிஆர் ஆட்கள் ஏ320 சிமுலேட்டரில் எங்கே தடுமாறுகிறார்கள்? பெரும்பாலும் இந்த இடத்தில்.

ஏடிஆரில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. பவர் லீவரை ஃப்ளைட் ஐடிலுக்கு, அதாவது பறக்கும்போது வைக்கக்கூடிய மிகக் குறைந்த சக்திக்கு, இழுத்தால், கிட்டத்தட்ட 4 மீட்டர் விட்டமுள்ள இரண்டு புரொப்பெல்லரும் காற்றில் தட்டு மாதிரி நின்று பிரேக் போடும். ஏ320-இல் ஐடிலுக்குக் கொண்டுவந்தாலும் சரிவில் விமானம் வழுக்கிக்கொண்டே போகும். ஒரே நேரத்தில் இறங்கவும் வேகம் குறையவும் அதற்கு வராது. பழைய கை "இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லும். 1,000 அடியில் வேகம் நிலைப்படவில்லை, கோ-அரவுண்ட்: இறங்காமல் மீண்டும் மேலே ஏற வேண்டியதுதான். தீர்வு கைவேகத்தில் இல்லை, முன்கூட்டியே யோசிப்பதில் இருக்கிறது: இறக்கையின் ஃப்ளாப் மடிப்புகளை இறக்குவது சீக்கிரம், தேவைப்பட்டால் சக்கரமும் சீக்கிரம், இறங்கும் சரிவைத் தொடும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது.

அடுத்தது கால். ஏடிஆரில் பவரை மாற்றினால் மூக்கு பக்கவாட்டில் போகும், கால் தானாக ரட்டர் (மூக்கைத் திருப்பும் வால் பலகை) பெடலைத் தேடும். ஏர்பஸ்ஸில் அந்தக் கால் சும்மா இருக்கப் பழக வேண்டும். கையும் ஏமாறும்: இன்ஜின் சக்தியைத் தானே சரிசெய்யும் ஆட்டோ த்ரஸ்டில் லீவர் நகராது, இன்ஜின் சக்தி மட்டும் மாறும். லீவரைத் தொட்டுப் பவரை உணர்ந்தவர், இனி திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சிமுலேட்டருக்குப் போகும் முன் இரண்டு வாரம், வீட்டில் ஒரு காக்பிட் போஸ்டர் ஒட்டி உட்கார்ந்து, காக்பிட்டில் சொல்ல வேண்டிய வாசகங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

[திரையில்: ரோஸ்டர் (மாத வேலை அட்டவணை). பகல் மஞ்சள், இரவு நீலம்.]

தூக்கம். பல சின்ன ஊர் விமான நிலையங்களில் இரவு இயக்கமே கிடையாது. அதனால் ஏடிஆர் பைலட் நாளைக்கு நாலைந்து குட்டிப் பயணம் ஓட்டினாலும் பெரும்பாலும் இரவில் தூங்குகிறார். பெரிய கம்பெனியில் நீலக் கட்டங்கள் கூடும். 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டமாக வந்த டிஜிசிஏ-வின் புதிய பணிநேர விதிகள் வார ஓய்வை 36-இல் இருந்து 48 மணி நேரமாக்கின. நள்ளிரவு முதல் காலை 6 வரையிலான தரையிறக்கங்களை 6-இல் இருந்து 2 ஆகக் குறைத்தன. இந்த விதிகளுக்கு ஏற்ப ஆள் போதாமல் அந்த டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், 2026 பிப்ரவரி 10 வரை அதற்குச் சில தளர்வுகள் கிடைத்ததும் தெரிந்த கதை. ஆகவே விதியைப் படித்துவிட்டு, அங்கே வேலை செய்பவர் ஒருவரின் போன மாத ரோஸ்டரையும் வாங்கிப் பாருங்கள்.

[திரையில்: ஒரு கோப்பு, திறந்த நிலையில்.]

கிளம்புவதென்று முடிவாகிவிட்டதா? ஐந்து வருஷம் முடிய இரண்டு மாதம் பாக்கி என்றால் இருந்து முடியுங்கள், கிராஜுவிட்டி அதில்தான் இருக்கிறது. லைசென்ஸ் இழப்புக் காப்பீடு கம்பெனி எடுத்ததாக இருந்தால், கடைசி வேலை நாளோடு அது நின்றுவிடலாம். புதுக் கம்பெனியில் தொடங்கும் வரை சொந்தமாக ஒன்று எடுங்கள், மெடிக்கலில் சிக்கல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பயிற்சிக் கோப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இஜிசிஏ (டிஜிசிஏ-வின் இணையதளம்) லாக்புக். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்பெனி ஒப்புதல் ஏறியிருக்கிறதா என்று நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்தைய வாரமே உட்கார்ந்து சரிபாருங்கள். நோட்டீஸ் கொடுத்த பிறகு அந்த அலுவலகத்தில் உங்கள் போனை யாரும் அவ்வளவு சீக்கிரம் எடுக்க மாட்டார்கள்.