சரக்கு முறுக்குதான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரிங்கிள்ஸ் சிப்ஸை வாழவைத்தது விளம்பரமா, பண்டமா என்பது கேள்வி. விளம்பரமே என்று முழங்கிய எதிரணி அம்மையார் மூன்று சாட்சிகளைக் கூண்டில் ஏற்றினார்: டப்பாவில் இருக்கும் மீசைக்காரர், 1980களின் இறுதியில் விளம்பரத்தில் நடித்த, பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான பிராட் பிட், 'திறந்தால் நிறுத்த முடியாது' என்ற 1990களின் முழக்கம். அம்மா, அந்த விளம்பரம் வந்தபோது பிராட் பிட் யாரென்று உலகுக்கே தெரியாது! டப்பாவை அவர் தூக்கி நிறுத்தினாரா, அவருக்கு டப்பா வேலை கொடுத்ததா?

உண்மைக் கதை 1956இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்குகிறது. அன்றைய சிப்ஸ் பையைப் பிரித்தால் பாதி காற்று, மீதி தூள், அதிலும் எண்ணெய்ப் பிசுக்கு, காறல் வாடை. இதற்கு வழி காணும்படி சோப்பு விற்றுப் பெரிதான புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பிரெட்ரிக் பௌர் என்ற வேதியியலாளரிடம் சொன்னது. அவர் கிழங்கைச் சீவவே இல்லை. மாவாகப் பிசைந்து, தேய்த்து, வெட்டி, குதிரைச் சேணம்போல வளைத்துப் பொரிக்கும் வழியைக் கண்டார். ஒரே வளைவு என்பதால் ஒன்றன்மேல் ஒன்று அடங்கி உட்காரும், நொறுங்காது. உருளை டப்பாவில் அடைத்தால் நமுத்தும் போகாது. எல்லாம் சரி, ருசிதான் வரவில்லை. திட்டம் கிடப்பில் போனது. பிறகு 1960களில் அலெக்சாண்டர் லீப்பா என்பவர் ருசியைத் தேற்றினார். 1968இல் இண்டியானா மாநிலத்தில் விற்பனைக்கு வந்தது.

இனி வருவதை எதிரணி கவனமாகக் கேட்க வேண்டும். 1970களில் பணத்தைக் கொட்டி, உடையாது, தூளாகாது என்று விளம்பரம் செய்தார்கள். சனம் ஆசையாக வாங்கியது. நாக்குக்குப் பிடிக்காதவர்கள் அடுத்த டப்பாவை வாங்கவில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் விற்பனை படுத்துவிட்டது. சுவையைச் சீராக்கி, வகைகளைக் கூட்டிய பிறகுதான் நிமிர்ந்தது. விளம்பரம் முதல் டப்பாவை விற்கும், இரண்டாவது டப்பாவை விற்பது நாக்கு. சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா என்று நம் ஊரில் சும்மாவா கேட்டார்கள்?

"உங்கள் பண்டத்தில் உருளைக்கிழங்கே 42 சதவீதம்தானே" என்று அம்மையார் குத்தினார். உண்மைதான், அதை நான் மறைக்கப்போவதில்லை. பிரிட்டனில் வரியிலிருந்து தப்ப, இது உருளைக்கிழங்கு வறுவலே இல்லை என்று அந்த நிறுவனமே வழக்காடியது. 2008இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது, 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்து, வறுவல்தான், வரியைக் கட்டு என்றது. அங்கேயும், நடுவர் அவர்களே, நீதிபதிகள் ஆராய்ந்தது மீசையையா? டப்பாவுக்குள் இருந்ததைத்தான்.

கடைசியாக ஒரு சாட்சி. பௌர் 2008இல் காலமானார். தன் அஸ்தியில் ஒரு பகுதியைப் பிரிங்கிள்ஸ் டப்பாவில் வைத்துப் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் போகும் வழியில் கடையில் நிறுத்தி ஒரு டப்பா வாங்கினார்கள். எந்தச் சுவை என்று சற்று விவாதித்து, 'ஒரிஜினல்' என்று முடிவெடுத்தார்கள். அந்த விளம்பரங்களை எழுதியவர்களில் இப்படிக் கேட்டவர் ஒருவரைக் காட்டட்டும் எதிரணி, நான் உட்கார்ந்துவிடுகிறேன்.